ரசீது புத்தகத்தில் மிச்சம் 14 தாள்

அன்புத் தோழர்களுக்கு,

கடந்த மே 31ஆம் தேதியோடு பணி ஓய்வு. 58 வயது என்று நினைத்துச் சேர்ந்தது, 59 ஆகி, 60 ஆகி, கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனமும் ஆகி, ஒருவழியாக முடிந்தது. விழாவில் எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடமும் மேடையில் இருந்தவர்களின் பெயரைச் சொல்லவே சரியாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல இந்த மடல்.

1991இல் கணித ஆசிரியராகச் சேர்ந்த மூன்றாவது மாதமே ஆசிரியர் சங்கத்தின் சந்தா ரசீது புத்தகத்தை என் கையில் திணித்தவர் எங்கள் தமிழ் ஐயா. "கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு தப்பாது" என்றார். அப்படியே வட்டாரப் பொருளாளர், வட்டாரச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று 34 வருடம் ஓடிவிட்டது. மாவட்டச் செயலாளர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். யாருடைய பணிப்பதிவேடு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று தேடுவதுதான் பாதி வேலை. தேர்வுநிலை (பணிக்காலத்தை வைத்துத் தரும் ஊதிய உயர்வு) ஆணைக்காக இரண்டு வருடம் காத்திருந்த ஒரு டீச்சருக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு முறை நடந்தேன். கடைசியில் ஃபைலைக் கண்டெடுத்தவர் அங்கிருந்த உதவியாளர். சாப்பாட்டுப் பையை வைக்க அலமாரியைத் திறந்தபோது கண்ணில் பட்டதாம். பெயரைப் போட்டால் அவருக்குச் சிக்கல். அண்ணே, நன்றி.

என் மனைவிக்கு. வீட்டுக்கு வந்த போன்களையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தவள் நீதான். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் யாருக்கோ 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுத் தாள். சில வருடம் கழித்து என்னைக் கேட்காமலே பதிலும் சொல்ல ஆரம்பித்தாய், அதுவும் சரியாக.

2003 ஜூலை வேலைநிறுத்தம் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் யாரும் பேச்செடுப்பதில்லை. ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து இறங்கினோம். வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டு அத்தியாவசியப் பணிகள் சட்டமான டெஸ்மா பாய்ந்தது. 1,70,000 பேருக்கு மேல் வேலை போயிற்று, நானும் அதில் ஒருவன். உச்ச நீதிமன்றம் வரை போனபின், நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தம் கூடாது என்கிற நடத்தை விதி 22இன்படி நடப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் திரும்ப வரலாம் என்றானது. பள்ளித் தாழ்வாரத்து பெஞ்சில் அந்த ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கை ஓடவில்லை. அறிவியல் டீச்சர் என் பேனாவை வாங்கி, பெயர், பதவி, பள்ளி எல்லாவற்றையும் அவரே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு நீட்டினார். "போடுங்க சார். பத்தாம் வகுப்பு காத்துக்கிட்டு இருக்கு." போட்டேன்.

அடுத்த சங்கத் தேர்தலில் அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டவில்லை. எங்கள் வட்டாரத்தில் எழுதிக் கொடுக்காதவர் யாருமில்லை என்பதும் ஒரு காரணம். இருந்தாலும் நன்றி.

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்த தம்பி, தங்கைகளுக்கு. உங்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் 10 சதவீதப் பிடித்தம். 2019 ஜனவரியில் பழைய ஓய்வூதியம் கேட்டு மறியல் செய்து கைதாகி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒரு தம்பி கேட்டார்: "உங்களுக்குத்தான் பென்ஷன் இருக்கே, நீங்க ஏன் சார் வந்தீங்க?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இதுதான்: அன்று நாங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம், அதற்கப்புறம் வந்த நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. அப்படியிருந்தும் கூட்டத்துக்கு வந்து, எங்களுக்கே நாற்காலி போட்டீர்களே, அதற்கு நன்றி.

போராட்டத்தில் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் எடுத்தேன். வந்த பிள்ளைகளுக்கு நன்றி. வராதவர்கள் மேலும் குறையில்லை, சனிக்கிழமையில் இயற்கணிதம் யாருக்குத்தான் பிடிக்கும்?

கையிலிருந்த ரசீது புத்தகத்தில் 14 தாள் மிச்சம். வட்டாரப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். கார்பன் தாள் தேய்ந்துவிட்டது தம்பி, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்