வாளி நண்டு

அன்புள்ள தம்பிக்கு,

தாண்டிக்குடியில் நாலு நாளாக மழை விடவில்லை. காப்பித் தோட்டத்து ஓடை நிரம்பி, நேற்று ஒரு நண்டு வாசற்படி வரை வந்துவிட்டது. வாயோரம் நுரை. போன வாரம் பாப்பா போனில், நண்டு ஏன் நுரை விடுகிறது என்று கேட்டாள் அல்லவா? அவளுக்காகத் தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து உன் வாளி நண்டுதான் மனசில் நிற்கிறது.

நீ மூன்றாம் வகுப்பில் பிடித்து வந்தது. தண்ணீர் பற்றாமல் செத்துவிடக் கூடாதே என்று வாளி விளிம்பு வரை ஊற்றி, தட்டுப் போட்டு மூடியவன் நான்தான். காலையில் செத்துக் கிடந்தது. "ஓடையில் இருந்ததைக் கொண்டு வந்து கொன்னுட்டியே" என்று உன்னைத் திட்டினேன். நீ அன்று சாப்பிடவே இல்லை.

நண்டுக்கும் மீனைப் போலச் செவுள்தான். அது முதுகு ஓட்டுக்கு அடியில், இரண்டு பக்கமும் அறை மாதிரி இருக்கும் இடத்தில் இருக்கிறது. கால்கள் உடம்போடு சேரும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய், செவுளை நனைத்து, வாயோரமாக வெளியே வரும். வாய்ப் பக்கம் துடுப்புப் போல ஒரு சின்ன உறுப்பு ஓயாமல் அசைந்து அந்தத் தண்ணீரை ஓட்டுகிறது. கரையேறினாலும் செவுளில் ஈரம் இருக்கும்வரை காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆற்று, ஓடை நண்டுகள் பலவற்றில் அந்த அறையின் உள்சுவரே நுரையீரல் போல வேலை செய்கிறதாம். அதனால்தான் மழையில் ஊர் சுற்றுகின்றன, வெயிலில் வளைக்குள் போய்விடுகின்றன. நுரை என்பது உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரோடு காற்று கலந்து வரும் குமிழி. பாப்பாவிடம் சொல்லிவிடு.

நிக்கோபார் தீவுகளில் தென்னை நண்டு என்று ஒன்று உண்டு. வளர்ந்தபின் கடலுக்குள் கிடந்தால் மூழ்கியே செத்துப்போகும். நம் ஓடை நண்டு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் நான் ஊற்றியது ஓடாத தண்ணீர். அதில் கரைந்திருந்த கொஞ்ச ஆக்சிஜனும் ராத்திரியில் தீர்ந்திருக்கும். ஏறி நின்று காற்று வாங்க ஒரு கல்கூட நான் போடவில்லை. வழுக்குகிற பிளாஸ்டிக், மேலே தட்டு. அது உன் தப்பில்லை தம்பி, என் தப்பு. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

நேற்று வந்ததை ஈரச்சாக்கில் எடுத்துப் போய் ஓடைக்கரையில் விட்டேன். உடனே தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு கல்மேல் ஏறிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அது இறங்கும் வரை நானும் குடையோடு நின்றேன்.

அன்புடன்,
அப்பா