ஆடியில் சர்வீஸுக்குப் போன கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையும்தான்.

போன் போட்டால் "பஸ் வந்திருச்சும்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன், எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். ஊர்ச் செய்தி நிறைய இருக்கிறது. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்கிறது. சின்ன அத்தை வீட்டில் மறுபடியும் அதே தகராறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

போன வாரம் சித்தப்பா மகன் வந்திருந்தான். வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தானாம். நல்ல மழையாம். தோளில் குட்டியின் ஸ்கூல் பை, ஒரு கையில் காய்கறி, இன்னொரு கையில் மிக்ஸி ஜார். பிளேடு மாற்றக் கொண்டுபோனாயா? அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் குட்டியை ஏற்றிவிட்டு நீயும் ஏறிவிட்டாயாம். "அக்கா என்னைப் பாத்துட்டுத்தான் ஏறுச்சு" என்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று நீ சொன்னது ஆடியில். இப்போது கார்த்திகை. கார் ரிப்பேரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நாளாகும்போல.

சரி, கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாதா என்ன? நம் வீட்டில் என்றைக்குக் கார் இருந்தது? ஆனால் கனமானதை நீ தூக்காதே. அரிசியை 25 கிலோ சிப்பமாகச் சொல்லிவிட்டால் கடைப் பையன் வீட்டிலேயே போட்டுவிடுவான். ஐந்து ஐந்து கிலோவாகச் சுமந்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறாய்? பருப்பு, எண்ணெய் எல்லாம் அதே கடையில் மாதம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடு. தண்ணீர் கேன் போடுகிறவர் மாடி ஏறப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடு. சிலிண்டர்காரருக்கும் அப்படித்தான். காய்கறி மட்டும் ஆபீஸிலிருந்து வருகிற வழியில், இரண்டு நாளைக்கு வேண்டியது. தேங்காய், உருளைக்கிழங்கு அடியில். தக்காளி மேலே.

ஊரில் நடந்து வருவதென்றால் இரண்டு கையிலும் சமமாகப் பை பிடித்தால்தான் தோள் வலிக்காது. பஸ்ஸில் அது நடக்காது, ஒரு கை கம்பிக்கு வேண்டும். உனக்கோ இன்னொரு கை குட்டிக்கு வேண்டும். அதற்காகத்தான் இந்த வயர் கூடையைப் பின்னினேன். அடியை நாலு மூலையும் தட்டையாக வைத்துப் பின்னியிருக்கிறேன், காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் பிரேக் போட்டாலும் சாயாது. பச்சை வயர் தீர்ந்துபோனதால் கைப்பிடி மட்டும் சிவப்பு. ஓடுகிற பஸ்ஸில் ஏறாதே. துப்பட்டாவை முடிந்துகொள்.

முன்பக்கம் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ் வந்தால் ஏறிக்கொள். 2021 மே மாதத்திலிருந்து அதில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு இல்லையே, அதில் வெட்கம் எதற்கு? நானும் புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் அப்படித்தான் போய் வருகிறேன். ஆனால் அதற்காகக் குட்டியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மழையில் நிற்காதே. டீலக்ஸ் வந்தால் காசு கொடுத்து ஏறு. மயிலாப்பூர் போக வேண்டுமானால் பறக்கும் ரயில் இருக்கிறது, வேளச்சேரியிலேயே ஏறிக்கொள்ளலாம். இருட்டின பிறகு மட்டும் அது வேண்டாம்.

ராத்திரி குட்டிக்கு வீசிங் வந்தால் என்ன செய்கிறாய்? தெருமுனை ஸ்டாண்டில் பழகின ஆட்டோக்காரர் ஒருவர் நம்பரை வைத்துக்கொள். அவர் சம்சாரம் நம்பரையும் வாங்கிக்கொள், அது இன்னும் நல்லது. மூச்சு ரொம்ப வாங்கினால் ஆட்டோவையெல்லாம் யோசிக்காதே, 108க்குப் போடு. அவளைத் தூக்கிக்கொண்டு நீ இறங்கி ஓடினால் வீட்டைப் பூட்டுவது யார்? இதையே நினைத்துக்கொண்டு மூன்று ராத்திரி தூங்கவில்லை.

மாரியம்மன் கோயிலில் எல்லோரிடமும் உன் பெருமைதான் பேசுகிறேன். மெட்ராஸில் வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் தனியாக என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பெற்றவளுக்கு இரண்டு வரி சொல்ல உனக்கு நேரமில்லை, நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பாப்பா, உனக்குக் கல்யாணமான மறுவருஷம் ஒரு நாள் போன் பண்ணினாய். "டிரைவிங் கிளாஸ் சேரட்டுமாம்மா? அவரு வேணாங்கிறார்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அவர்தான் ஓட்டுறாரே, நீ பக்கத்துல ராணி மாதிரி உக்காந்துட்டுப் போ." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

சொன்னது யார்? எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவள். ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டைக்குக் கலெக்டராக இருந்த சமயம், 1992. சாயங்காலம் ஆனால் மைதானம் முழுக்கப் பொம்பளைகள், வாடகை சைக்கிள், முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். உன் அப்பாயி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் விடவில்லை. ஆம்பளை சைக்கிள்தான் எனக்குப் பிடிக்கும், முன்னால் பார் இருக்கும், அதில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைப்பேன். உனக்கு அப்போது இரண்டு வயது. பின்னால் கேரியரில் குடம். தண்ணீருக்கும் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்த்து நின்றதில்லை நான். அப்படிப்பட்டவள் உன்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்வாரோ என்று பயம். நல்ல இடம், கார் இருக்கிற இடம் என்று பயம். அன்றைக்கு நான் "சேர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கூடையில் அடி அட்டையைத் தூக்கிப் பார். ஆடு விற்ற பணம். கார் வேண்டாம், ஒரு ஸ்கூட்டி பழகிக்கொள். எட்டுப் போடுவதெல்லாம் பத்து நாளில் வந்துவிடும். அப்பாவுக்குத் தெரியும், நீயாகச் சொல்லாமல் ஒன்றும் கேட்க மாட்டார்.

டப்பாவையும் கூடையையும் சித்தப்பா மகன்தான் கொண்டுவருகிறான். அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், டீ கொடுத்து அனுப்பிவிடு.

தையில் ராமேஸ்வரம் வண்டியில் வருகிறேன். யாரும் அழைக்க வர வேண்டாம், தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வருகிற பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். எந்த நம்பர், எந்த ஸ்டாப் என்று குட்டியை விட்டாவது சொல்லச் சொல்.

இப்படிக்கு,
அம்மா