ஒட்டும் முடி வேறு, நீந்தும் முடி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பாக்டீரியா கட்டுரை நன்றாக இருந்தது. படம்தான் இடறியது. செல்லின் மேல் வரைந்திருந்த முடிகள் அத்தனைக்கும் ‘நீந்த உதவுபவை’ என்று ஒரே குறிப்பு. நீந்த வைப்பது சுழலும் கசையிழை. உடலைச் சுற்றிக் குட்டையாக, நூற்றுக்கணக்கில் அடர்ந்திருக்கும் ஃபிம்பிரியே இழைகளுக்கு நீச்சலில் பங்கு கிடையாது. ஒட்டிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. பல தொற்றுகள் தொடங்குவதே அந்த ஒட்டுதலில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிறுநீர்த் தொற்றையே பாருங்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அது அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும், போவதில்லை. அதன் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன், ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் நீளம். நுனியில் உள்ள ஃபிம்ஹெச் என்ற புரதம், சிறுநீர்ப்பைச் செல்களின் மேலிருக்கும் மேனோஸ் சர்க்கரையைப் பற்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஓட்டம் இழுக்கும்போது இந்தப் பிடி தளர்வதில்லை, இறுகுகிறது. இழையின் தண்டும் சுருள்கம்பி மாதிரி நீண்டு கொடுத்து, ஓட்டம் ஓய்ந்ததும் மறுபடி சுருண்டுகொள்கிறது. கழுவித் தள்ளுவதற்கென உடல் வைத்திருக்கும் ஏற்பாடே கிருமியின் பிடியை இறுக்கிவிடுகிறது!

சரி, மேனோஸைச் சாப்பிட்டால் அந்த நுனி அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடாதா? இந்த நம்பிக்கையில்தான் டி-மேனோஸ் தூள் விற்கிறார்கள். அடிக்கடி தொற்று வரும் ஏறக்குறைய 600 பெண்களிடம் பிரிட்டனில் ஆறு மாதம் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள்: மருந்தில்லாத போலித் தூளைவிட அது தொற்றைக் குறைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அழகாக இருக்கும் யோசனை உடம்புக்குள் அப்படியே பலிக்க வேண்டும் என்றில்லை.

முடிக்கும் நகர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொனோரியா கிருமிக்குக் கசையிழை இல்லை. நான்காம் வகை பைலி என்ற இழையை நீட்டி, நுனியை ஒட்டவிட்டு, அடியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டே தத்தித் தத்தி நகர்கிறது. காலரா கிருமி இதே வகை இழையை வீசி வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வைப் பிடித்து இழுப்பதை 2018இல் நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள்.

அப்புறம், ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பற்றிய பத்தி. மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதோடு கட்டுரை அதை முடித்துக்கொண்டது. எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இணைவு பைலி என்ற நீளமான இழை பக்கத்துச் செல்லைத் தொட்டு இழுத்துச் சேர்க்கிறது. எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் நகல் அங்கே போய்விடுகிறது. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் எதிர்த்து நின்றதற்குக் காரணம், அந்த எதிர்ப்பு முழுவதும் ஒரே பிளாஸ்மிட்டில் மொத்தமாகக் கைமாறியதுதான். கொடுக்கும் செல்லும் வாங்கும் செல்லும் ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மருந்தையே பார்த்திராத கிருமிக்கும் எதிர்ப்பு வந்து சேரும்.

படத்தைத் திருத்தி வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். இணைவு பைலியை வரையும்போது ஒரு செல்லுக்கு ஒன்றிரண்டு போதும். அவை ஃபிம்பிரியேயைவிடப் பல மடங்கு நீளம் என்பதும் படத்தில் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்