பயிலரங்கு மட்டும் போதாது

ஐயா,

கடும் புயல் எச்சரிக்கை வந்தால் மொரீஷியசில் வகுப்பறைகள் பூட்டிக்கொள்ளும். 2020 மார்ச் ஊரடங்கையும் 2024 ஜனவரியில் பெலால் புயலையும் பார்த்துவிட்டோம். ஆனாலும் இணையவழிக் கற்பித்தலுக்கு விரிவுரையாளர்களைத் தயார்செய்வது என்றால் ஒரு நாள் பயிலரங்கு, கையில் ஒரு சான்றிதழ், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். (சமோசா நன்றாகத்தான் இருக்கும்!)

தமிழ் கற்பிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு அவர்கள் கணினியில் அழகாகத் தெரியும். அதையே மூடுல் என்ற இணையப் பாடத்தளத்தில் ஒட்டினால் மாணவரின் கைபேசியில் புரியாத குறிகளாக வந்து நிற்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு, சரி. மாற்றியபின் ரகரம் எது, துணைக்கால் எது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டுமே! இருபது வருடக் குறிப்புகளை இரவில் வீட்டில் உட்கார்ந்து திருத்தச் சொல்வது நியாயமில்லை.

பல்கலைக்கழகங்கள் இந்த வேலையை வாராந்தரப் பணிநேரத்தில் சேர்க்கட்டும். ஆசிரியரின் சொந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, துறைக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளரைப் போடட்டும். தமிழ்த் துறைக்கு வருபவருக்குத் தமிழ் தட்டச்சும் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், வீட்டு இணையச் செலவு. அதையும் ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது. அடுத்த புயல் பருவம் நவம்பரில் தொடங்குகிறது.

ஒரு வாசகர்,
ரோஸ் ஹில்