தொலைபேசி இணைப்புகளில் சொல்லாமல் போடப்படும் தடைகள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
ஒரு தொலைபேசிச் சந்தாதாரர்

பெறுநர்
தலைவர் அவர்கள்,
தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்

பொருள்: நிறுவனங்கள் விதிக்கும் அழைப்புத் தடைகளைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்க உத்தரவிடக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு இணைப்பிலிருந்து எந்த எண்களை அழைக்கலாம், எந்த வசதிகளைப் பயன்படுத்தலாம் என்பது தொலைபேசி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வெளிநாட்டு அழைப்பு, கூடுதல் கட்டண எண்கள், அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது என எதையும் அவர்கள் நிறுத்தலாம். நிறுத்துவதே தவறு என்று சொல்லவில்லை. வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்து, திரும்ப அழைப்பவரிடம் பணம் கறக்கும் மோசடியை இந்தத் தடைதான் தடுக்கிறது. ஆனால் அதை எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

செல்பேசியில் நாமே போடும் தடை ஒன்று உண்டு. வெளிநாட்டு அழைப்புக்கு அப்படித் தடை போட்டிருக்கிறோமா என்பதை, பல நெட்வொர்க்குகளில் *#331# அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். நிறுவனம் தன் சந்தாதாரர் பதிவேட்டில் போடும் தடை வேறு. அது இந்தச் சோதனையில் தெரியாது, நம்மால் நீக்கவும் முடியாது. தடை எதுவும் இல்லை என்று திரை காட்டும். அழைப்பு மட்டும் போகாது.

அப்புறம், அந்த அறிவிப்புக் குரல். என் தாயார் வெளிநாட்டிலுள்ள என் தம்பியை அழைத்தபோதெல்லாம் "எண்ணைச் சரிபார்க்கவும்" என்றே வந்தது. தம்பி எண்ணை மாற்றிவிட்டுச் சொல்லவில்லை என்று அவர் மனம் நொந்துபோனார். எண் சரியாகத்தான் இருந்தது. நிறுவனம் அந்த இணைப்பில் வெளிநாட்டு அழைப்பை முடக்கியிருந்தது. பொய்யான அறிவிப்பு ஒரு குடும்பத்துக்குள் இவ்வளவு கசப்பை உண்டாக்க வேண்டுமா, ஐயா?

எனவே, தடை போடும் அன்றே அதன் காரணத்தையும் நீக்கும் வழியையும் சந்தாதாரரின் மொழியில் குறுஞ்செய்தியாகவோ கடிதமாகவோ அனுப்பும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். "இந்த இணைப்பில் இந்த அழைப்பு நிறுத்தப்பட்டுள்ளது" என்று அறிவிப்புக் குரல் உண்மையைச் சொல்ல வேண்டும். தன் இணைப்பில் இருக்கும் எல்லாத் தடைகளையும் சந்தாதாரர் கட்டணமின்றிப் பார்க்க வழி வேண்டும். அவர் கேட்காமல் போட்ட தடையை நீக்கக் கட்டணம் வாங்கக் கூடாது.

செல்பேசித் தரநிலைகளில் அவசர அழைப்புக்கு இத்தகைய தடைகள் பொருந்துவதில்லை. பாக்கிக்காக லேண்ட்லைனை நிறுத்தும்போதும் அவசர எண்கள் இயங்க வேண்டும் என்பதையும் அதே உத்தரவில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சந்தாதாரர்