லேபிளுக்கு வெளியே பார்க்கச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

தமிழில் வந்த ஆரம்பகால கிராமபோன் தட்டுகளின் பட்டியலை ஒருவழியாகப் போன வாரம் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அட்டையில் என் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் எண்களில் பாதிக்கு மேல் நீங்கள் தட்டைக் கையில் எடுத்துப் படித்துச் சொன்னவை.

முதல் நன்றி காரைக்குடி ஆச்சிக்கு. முன்பின் தெரியாத என்னிடம் பெட்டகத்தைத் திறந்துவிட்டு, "பாத்துட்டு இருந்த மாதிரியே அடுக்கி வச்சுருங்க தம்பி" என்று சொல்லி, மூன்று நாளும் சாப்பாடும் போட்டார். பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தவற்றில் ஒன்று ஒருபக்கத் தட்டு. பின்பக்கம் வழுவழுவென்று இருந்தது. அதே பாட்டு பிற்பாடு இருபக்கத் தட்டாக வந்தது என்னிடம் இருந்தது. லேபிள் எண் வேறாக இருந்ததால், பாடகி அதை இரண்டு முறை பாடியிருக்கிறார் என்று எழுதி வைத்திருந்தேன்.

அது தப்பு என்று காட்டியவர் சேலம் நண்பர். லேபிளைச் சுற்றி உள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்க்கச் சொன்னார். லேபிள் எண் விற்பனைக்காகப் போட்டது, மறுபடி வெளியிடும்போது மாறலாம். மேட்ரிக்ஸ் எண் அன்றைக்குப் பதிவானதற்கே உரியது. என் தட்டில் அது தேய்ந்து, கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தார். இடப்பக்கம் திறந்த 3 மெதுவாக மேலே வந்தது. ஆச்சி வீட்டுத் தட்டிலும் அதே எண். இரண்டு பதிவு ஒன்றாகிவிட்டது. பட்டியலில் ஒரு வரி குறைந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் மயிலாப்பூர் பாட்டு டீச்சர் மாமி. தொடக்கத்தில் இங்கே பதிவானவற்றை ஜெர்மனியில் ஹனோவருக்கு அனுப்பித்தான் தட்டாக்கினார்கள். கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்தது 1908-இல். ஹனோவரில் லேபிள் அடித்தவர்களுக்கு நம் பெயரும் தெரியாது, ராகமும் தெரியாது. 1902-இல் கல்கத்தாவில் பாடிய பாடகி கௌஹர் ஜான் கடைசியில் தன் பெயரைச் சொல்லி முடித்தது இதற்காகத்தான் என்பார்கள். ஒரு தட்டில் ராகத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் பெஹாக் என்று இருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். "பெஹாக் இல்லைடா, பேகடா. ரெண்டு வரி கேட்டாலே தெரியலையா?" என்றார் மாமி. இன்னொரு தட்டில் பாடகியின் குரல் ஆறு கட்டை சுருதியில் கீச்சென்று ஒலித்தது. அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் நிமிடத்துக்கு 78 சுற்று இல்லை. மாமி ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். 70-க்கு வந்தபோது ஐந்து கட்டையில் குரல் மனுஷக் குரலாக நின்றது. அந்த 70 பட்டியலில் இருக்கிறது, மாமி கணித்தது என்ற குறிப்போடு.

ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியத் தட்டுகளுக்குப் பட்டியல் போட்ட மைக்கேல் கின்னியர் அமைத்துத் தந்த பாதை இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. மும்பையில் இந்தியத் தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கத்தார் ஓடியன் கம்பெனித் தட்டுகளைத் தேடி எண்மயமாக்கியதும் பெரிய உதவி.

ஒரு விஷயத்தில் என்னோடு சண்டை போட்டவர்களுக்கும் நன்றி. கம்பெனி விலைப்பட்டியலில் பெயர் இருந்தால் தட்டு வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அறிவித்தது எல்லாம் கடைக்கு வந்ததா என்று கேட்டீர்கள். நியாயம்தான். யாருமே கண்ணால் பார்க்காத தட்டுகளுக்கு உடுக்குறி (*) போட்டிருக்கிறேன், மேட்ரிக்ஸ் எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வரிசையைப் பார்த்து ஊகித்து நிரப்பவில்லை. அந்தத் தட்டு யார் வீட்டிலாவது இருந்தால், எண்ணைத் தாளில் தேய்த்து அனுப்புங்கள்.

ஆச்சி, முதல் பிரதி உங்களுக்கு. தபாலில் போடவில்லை, நானே கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
பட்டியல் தொகுத்தவன்