உயிலுக்குள் இருக்கும் பெயர்களையும் பட்டியலில் சேருங்கள்

பழைய உயில்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கு,

வணக்கம். நூறு, இருநூறு வருடத்து உயில்களை நீங்கள் ஸ்கேன் செய்து தருவது, வம்சாவளி தேடும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பல காப்பகங்களின் பட்டியலில் உயில் எழுதியவரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே வருகிற மற்றவர்களின் பெயர்களையும் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் கொள்ளுப்பாட்டியைப் பல மாதங்கள் தேடினேன். அவர் உயில் எழுதவில்லை; அவருடைய அப்பாவும் எழுதவில்லை. கடைசியில் பிள்ளை இல்லாத ஒரு பெரியப்பாவின் உயிலில், தம்பி மகளாக, கணவர் பெயரோடு இருந்தார். பிள்ளை இல்லாதவர்களின் உயில்தான் இந்தத் தேடலில் புதையல். சொத்தைப் பிரிக்கும்போது கூடப்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு கிளையையே எழுதிவிடுவார்கள். சரி, அப்படி ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாதபோது அவர் பெயரைப் போட்டு எப்படித் தேடுவது? ஒவ்வொரு உயிலாகப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன்.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் பொதுவாக உயில் எழுத முடியாது. அவர்களை அப்பா, மாமா, விதவை அத்தை எழுதிய உயில்களில்தான் பார்க்க முடியும்.

1922இல் டப்ளினில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகம் எரிந்து, அயர்லாந்தின் பழைய உயில்களில் பெரும்பகுதி சாம்பலானது. அதற்கு வெகுகாலம் முன்பே வில்லியம் பெத்தம் என்பவர், 1800க்கு முந்தைய ஆயிரக்கணக்கான உயில்களைப் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று குறிப்பெடுத்து வைத்திருந்தார். இன்று பல ஐரிஷ் குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குறிப்புகள்தான். நான் கேட்பதும் அதே வேலையைத்தான்.

சாட்சிகள், உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர்கள், வேலைக்காரர்கள் என யாரையும் விடாதீர்கள். உறவுச் சொல்லை மட்டும் உயிலில் உள்ளபடியே பதியுங்கள். பழைய ஆங்கில உயில்களில் மனைவியின் சகோதரனையும் ‘சகோதரன்’ என்றே எழுதுவார்கள். நாம் திருத்தினால் குழப்பம் வரும்.

ஆள் பற்றாக்குறை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். பழைய கையெழுத்தைப் படித்துப் பழகியவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். முதல் கட்டு உயில்களை அனுப்பினால் நாளைக்கே உட்கார்ந்துவிடுவேன்.

அன்புடன்,
வம்சாவளி தேடும் ஒருவர்